சி.சி.யூ.விலிருந்து வகுப்பறைக்கு: இதய நர்ஸிங் ஆசிரியராக வர நினைக்கிறவர்களுக்கு

சி.சி.யூ.வில் (இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) சில வருடம் ஓடிவிட்டு, "நைட் டியூட்டி போதும், இனி டியூட்டராகப் போய்விடலாம்" என்று யோசிக்கும் நர்ஸ்கள் என்னிடம் முதலில் கேட்பது எம்.எஸ்சி. எங்கே படிக்கலாம் என்பதைத்தான். அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. கற்பிப்பது, இதய நோயாளியைப் பார்ப்பது, ஆராய்ச்சி செய்வது என்று இவற்றை மூன்று தனி வேலையாக நினைத்து, ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் மூன்றுமே அரைகுறையாகத்தான் நிற்கும். வார்டை முழுசாக விட்டுவிட்ட ஆசிரியர் சில வருடங்களில் பழைய நோட்ஸையே வாசிக்க ஆரம்பித்துவிடுவார், அவர் சொல்லித்தரும் மருந்து டோஸ் மாறியிருக்கும், மெஷின் மாறியிருக்கும், அதை மாணவிகளே வார்டில் பார்த்துவிட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். கட்டில் பக்கத்தில் எழுகிற கேள்வியைப் பிடித்து அதையே பாடமாகவும் ஆய்வாகவும் ஆக்குவது எப்படி என்பதுதான் கீழே இருப்பது எல்லாம்.

இதய நர்ஸிங் பிறந்த விதமே அப்படித்தான். 1960-களின் தொடக்கம் வரை மாரடைப்பு வந்தவர்களைப் பொது வார்டுகளில் ஆங்காங்கே படுக்க வைத்திருந்தார்கள். திடீரென்று வி.எஃப். (இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குவது) வந்தால் யாராவது கவனித்து, டாக்டரைக் கூப்பிட்டு, அவர் ஓடி வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும். 1962-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் டாக்டர் ஹியூஸ் டே மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனிப்பிரிவு திறந்தார். அதே சமயத்தில் பிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற டாக்டரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் சேர்ந்து இதை ஒரு ஆய்வாகவே நடத்தினார்கள். மானிட்டர் வாங்கி வைத்தால் மட்டும் ஆள் பிழைக்க மாட்டார், அலை மாறுவதைப் பார்த்த நொடியிலேயே டாக்டருக்காகக் காத்திருக்காமல் ஷாக் கொடுக்கத் தெரிந்த நர்ஸ் எந்நேரமும் பக்கத்தில் இருந்தால்தான் பலன் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த நர்ஸ்களுக்கு ஈ.சி.ஜி. படிக்கச் சொல்லிக்கொடுத்தது, நோயாளியைப் பார்த்தது, கணக்கெடுத்து எழுதியது எல்லாம் ஒரே இடத்தில், ஒரே ஆட்களால் நடந்தது. இன்று சி.சி.யூ.வில் நமக்கு இருக்கிற அதிகாரம் அந்த வேலையிலிருந்து வந்தது.

முதலில் வார்டு, அப்புறம் படிப்பு

எம்.எஸ்சி.க்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் கேட்பது ஒரு வருட அனுபவம்தான். என்னைக் கேட்டால் இதயப் பிரிவில் குறைந்தது மூன்று வருடமாவது இருந்துவிட்டுப் போங்கள் என்பேன். முதல் வருடம் பயத்திலேயே போய்விடும். இரண்டாம் வருடம் கை பழகும். மூன்றாம் வருடத்தில்தான் "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்கத் தோன்றும். ஆசிரியருக்குத் தேவை அந்தக் கேள்விதான்.

அந்த வருடங்களில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், ஐ.பி. எண் எதுவும் வேண்டாம். கேள்வி மட்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து) போட்டுக்கொண்டிருக்கும்போது பி.பி. இறங்கிவிட்டது, வேகம் காரணமா? ஆஞ்சியோ முடிந்து வந்தவர் முதுகு வலிக்கிறது என்று இரவெல்லாம் புலம்பினார், இன்னும் எவ்வளவு நேரம்தான் மல்லாந்தே படுக்க வேண்டும்? செஸ்ட் டியூப் (ஆபரேஷனுக்குப் பின் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் குழாய்) எடுக்கும்போது எல்லோரும் கத்துகிறார்களே, வலியைக் குறைக்க நாம் என்ன செய்யலாம்? இப்படி ஒவ்வொரு டியூட்டிக்கும் ஒரு வரி எழுதினால் போதும். பிற்பாடு பாடம் எடுக்க உதாரணம் தேடும்போதும், ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போதும் இந்த நோட்டு தருவதை எந்தப் புத்தகமும் தராது.

கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை), இதய அறுவை ஐ.சி.யூ., எமர்ஜென்சி, எக்கோ அறை என்று சுழற்சி கிடைக்குமா என்று நர்ஸிங் சூப்பரின்டென்டென்டிடம் கேளுங்கள். வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். ஒரே மாரடைப்பு நோயாளியை எமர்ஜென்சி வாசலில் ஒரு தடவை, கேத் லேப் மேசையில் ஒரு தடவை, டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு தடவை பார்த்தவரால்தான் அந்த நோயைக் கோர்வையாகச் சொல்லிக்கொடுக்க முடியும்.

எந்தப் படிப்பு

எம்.எஸ்சி. நர்ஸிங் இரண்டு வருடம். பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும், பட்டியல் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இதயம் என்று முடிவு செய்திருந்தால் மெடிக்கல் சர்ஜிக்கல் நர்ஸிங் எடுத்து, அதன் உட்பிரிவாக இதய நெஞ்சறை நர்ஸிங்கைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாக் கல்லூரியிலும் இந்த உட்பிரிவு இருக்காது, விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கற்பித்தலைவிட நோயாளி பக்கம்தான் மனசு இழுக்கிறது என்றால் வேறு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கவுன்சில் கொண்டுவந்த கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இதுவும் இரண்டு வருட முதுகலைதான், ஆனால் பெரும்பகுதி நேரம் ஐ.சி.யூ.விலேயே ரெசிடென்சி முறையில் கழியும். இன்னொன்று, ஒரு வருட இதய நெஞ்சறை நர்ஸிங் டிப்ளமா. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்துக்கு இந்தத் துறையில் நல்ல பெயர், இந்தியாவிலேயே உருவான செயற்கை வால்வு அங்கே பிறந்ததுதான். டிப்ளமா முடித்துவிட்டு அப்புறம் எம்.எஸ்சி. போனவர்கள் வகுப்பில் தனியாகத் தெரிவார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதனோடு சேர்ந்த ஆஸ்பத்திரியைப் பாருங்கள். சொந்தமாக கேத் லேப் இருக்கிறதா, பைபாஸும் வால்வு ஆபரேஷனும் வாராவாரம் நடக்கிறதா, முதுகலை மாணவிகளை அந்த வார்டுக்குள் விடுகிறார்களா, இதையெல்லாம் அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களிடமே கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1909-இல் நர்ஸிங் பள்ளியும் 1946-இல் பட்டப்படிப்பும் தொடங்கின. அங்கே கல்லூரி ஆசிரியர்களே வார்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறை இருக்கிறது. பாடம் நடத்துகிறவரே அந்த வார்டில் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவராகவும் இருப்பதால், வகுப்பில் சொல்வதும் வார்டில் செய்வதும் வேறு வேறாக இருக்க வழியில்லை. நாட்டில் நர்ஸிங் கல்வி போக வேண்டிய வழி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலைக்குச் சேரும்போது ஒரு எச்சரிக்கை. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன, இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வந்து தலைகாட்டிவிட்டுப் போனால் போதும் என்று பேரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். முதலாவதில் உங்கள் கை கட்டப்படும். இரண்டாவதில் ஆசிரியரே இல்லாத கல்லூரியில் படித்து வெளியே வரும் பெண் ஒருநாள் யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவாள்.

ஈ.சி.ஜி.யை எப்படிச் சொல்லிக்கொடுப்பது

இதய நர்ஸிங் ஆசிரியரைச் சோதிக்கும் பாடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் பி அலை, க்யூ.ஆர்.எஸ்., டி அலை என்று பலகையில் படம் போட்டுத் தொடங்குகிறார்கள். நான் எலெக்ட்ரோடு ஒட்டுவதிலிருந்துதான் தொடங்குவேன். ஒட்டுகிற இடம் தப்பாகப் போனால் அப்புறம் அலையை எவ்வளவு நன்றாகப் படித்தும் பிரயோஜனம் இல்லை.

மாணவிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, திரை போட்ட இடத்தில் ஒருவருக்கொருவர் விலா எலும்பை எண்ணச் சொல்லுங்கள். தொண்டைக்குழியிலிருந்து விரலை நேராகக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். அந்த மேட்டுக்குப் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து மூன்று, நான்கு என்று விரலாலேயே இறங்க வேண்டும். நெஞ்சில் ஒட்டும் ஆறு எலெக்ட்ரோடுக்கு வி1 முதல் வி6 வரை பெயர். நான்காவது இடைவெளியில், மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அப்புறம் வி3-ஐ விட்டுவிட்டு முதலில் வி4: ஐந்தாவது இடைவெளி, காரை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில் அக்குளின் முன்மடிப்புக்கு நேராக வி5, அக்குளின் நடுவுக்கு நேராக வி6. இந்த வரிசை கையில் பதியும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

வார்டில் நடக்கும் பொதுவான தப்பு, வி1-யும் வி2-யும் மேலே ஏறிப் போய் இரண்டாவது இடைவெளியில் உட்கார்ந்துவிடுவது. அவசரத்தில் யாரும் விலாவை எண்ணுவதில்லை. அப்படி எடுத்த ஈ.சி.ஜி.யில் ஆர் அலை வளராமல் நிற்கும், பழைய மாரடைப்பு மாதிரித் தெரியும். அந்த நோயாளிக்குத் தேவையில்லாத பரிசோதனைகள் எழுதப்படும், குடும்பமே பயந்துபோகும். ஒரே மாணவிக்கு, அவள் சம்மதத்தோடு, சரியான இடத்தில் ஒட்டி ஒன்றும் மேலே ஏற்றி ஒட்டி ஒன்றுமாக இரண்டு ஈ.சி.ஜி. எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் பார்த்தவர்கள் அதற்கப்புறம் எண்ணாமல் ஒட்ட மாட்டார்கள். இன்னொன்று, வலது கை லீடையும் இடது கை லீடையும் மாற்றிப் போடுவது: ஈ.சி.ஜி. பேப்பரில் லீடு 1 என்ற வரிசை முழுக்கத் தலைகீழாக வந்து, ஏ.வி.ஆர். என்ற வரிசை நிமிர்ந்து நின்றால் முதலில் வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெண் நோயாளிகள் விஷயத்தை வெளிப்படையாகப் பேசுங்கள். வி4 முதல் வி6 வரை மார்பகத்துக்குக் கீழே ஒட்ட வேண்டும் என்பதைப் பாடத்தில் சொன்னாலும், வார்டில் கூச்சத்தால் ஏதோ ஒரு இடத்தில் ஒட்டிவிட்டு வருகிறார்கள். திரையை இழுத்துவிட்டு, "அம்மா, நெஞ்சுல ஒயர் ஒட்டணும், கொஞ்சம் துணிய விலக்கிக்கலாமா, முடிஞ்சதும் உடனே மூடிடறேன்" என்று கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். அதை ஒரு தடவை நீங்களே நோயாளியிடம் பேசிக் காட்டுங்கள். மாணவி உங்கள் குரலையும் கையையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்வாள்.

அலைக்கு வரும்போது கட்டம் எண்ணுவதில் ஆரம்பியுங்கள். பேப்பர் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது, சின்னக் கட்டம் 0.04 வினாடி, பெரிய கட்டம் 0.2 வினாடி. ஒழுங்கான துடிப்பாக இருந்தால், இரண்டு ஆர் அலைக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரியும். இதை மனப்பாடமாகக் கேட்காதீர்கள். சி.சி.யூ.வில் அன்று ஓடுகிற ஸ்ட்ரிப்பைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் முடிவெடுக்கக் கற்றுக்கொடுங்கள். லீடு 2, 3, ஏ.வி.எஃப்.பில் எஸ்.டி. (க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கும் டி அலைக்கும் நடுவிலுள்ள கோடு) ஏறியிருக்கிறது, அதாவது இதயத்தின் கீழ்ப்பக்க மாரடைப்பு. அடுத்து என்ன செய்வாய்? "டாக்டருக்குச் சொல்வேன்" என்று நிறுத்திக்கொள்ளும் மாணவியிடம் இன்னும் கேளுங்கள்: வலது பக்கத்தில் வி4 இடத்துக்கு நேரான இடத்தில் லீடு ஒட்டி இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்தாயா? வலது வென்ட்ரிக்கிளும் (இதயத்தின் வலது கீழறை) அடிபட்டிருந்தால், நெஞ்சுவலி என்று பழக்கத்தில் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டே பி.பி.யைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்த நர்ஸ் எமர்ஜென்சியில் நின்றால் அந்த ராத்திரி டியூட்டி டாக்டருக்கும் தைரியம்.

கட்டில் பக்கத்தில் கற்பிப்பது

ஒரு ஆசிரியருக்குப் பத்து மாணவிகள் என்பது கவுன்சில் சொல்லும் கணக்கு. சி.சி.யூ.வில் பத்துப் பேரை ஒரு கட்டிலைச் சுற்றி நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே பயந்துபோய் இருக்கும் மனிதரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று உற்றுப் பார்த்தால் மானிட்டரில் துடிப்பு ஏறுவதை நீங்களே பார்க்கலாம். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர். மற்றவர்களுக்கு க்ராஷ் கார்ட் (அவசர மருந்தும் கருவியும் வைத்த வண்டி) சரிபார்ப்பு, ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் கேட்பது, ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை டெஸ்ட் செய்வது, இன்ஃப்யூஷன் பம்ப் கணக்கு என்று வேலை பிரித்துக் கொடுங்கள்.

நோயாளியின் முன்னால் நோயின் கெட்ட முடிவுகளைப் பேசக்கூடாது, ஆங்கிலத்தில் பேசினாலும் கூடாது. "ஃபெயிலியர்" என்ற சொல் புரியாதவர் நம் ஊரில் யாரும் இல்லை. கேள்வியைக் கட்டிலில் கேளுங்கள், விவாதத்தை நர்ஸ் ஸ்டேஷனில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021-இல் வந்த பி.எஸ்சி. செமஸ்டர் பாடத்திட்டம் சிமுலேஷனுக்கு நிறைய இடம் தந்திருக்கிறது. நல்லதுதான், பொம்மையின் மேல் தப்பு செய்துவிட்டு வரட்டும். சி.பி.ஆரில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின் நெஞ்சு முழுசாக மேலே வர விடுவது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எண் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்தால் ஆழம் குறைந்துவிடும் என்பதும், ஆளை மாற்றும்போது இடைவெளி விடக்கூடாது என்பதும் உடம்பால்தான் புரியும். அதனால் மூச்சு வாங்கும்வரை செய்ய வையுங்கள். சி.பி.ஆர். இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் வி.எஃப். வந்தவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பதை அதன் பிறகு சொல்லுங்கள், அப்போதுதான் அது மனசில் நிற்கும்.

நீங்களும் வாரத்தில் ஒருநாளாவது வார்டில் வேலை பாருங்கள். மேற்பார்வைக்கு நடந்துவிட்டு வருவதை இதில் சேர்க்காதீர்கள். ஒரு நோயாளியைப் பொறுப்பெடுத்து மருந்து கொடுத்து, சார்ட் எழுதி, ஹேண்டோவர் கொடுக்க வேண்டும். நிர்வாகம் சுலபத்தில் சம்மதிக்காது. வார்டு இன்சார்ஜோடு நல்ல பழக்கம் இருந்தால் வழி பிறக்கும், அவர்களுக்கும் கூட ஒரு கை கிடைக்கிறது.

ஆராய்ச்சி

இங்கேதான் நாம் நிறைய வீணடிக்கிறோம். எம்.எஸ்சி. ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியம் இணையத்திலேயே இருக்கிறது. ஏதோ ஒரு நோயைப் பற்றித் திட்டமிட்ட போதனை, அதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாள், பின்னால் அதே கேள்வித்தாள், மதிப்பெண் கூடியிருக்கிறது, முடிவு: போதனை பயனுள்ளது. சொல்லிக்கொடுத்துவிட்டு உடனே கேட்டால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? ஒப்பீட்டுக் குழு இல்லை, மூன்று மாதம் கழித்து அவர் மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று பார்க்கவில்லை. மாணவிகளைக் குறை சொல்லவில்லை. ஆறு மாதத்தில் முடிக்கக்கூடிய தலைப்பைக் கொடு என்று கேட்கும் அமைப்பு, அதைத்தான் கொடுக்கும் கைடு (ஆய்வு வழிகாட்டி). நீங்கள் கைடு ஆகும்போது இதை மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது என்பதற்கு ஒரு உதாரணம். நம் ஊரில் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், சின்ன வயதிலேயே உலோக வால்வு பொருத்தியவர்கள் நிறையப் பேர். வாழ்நாள் முழுக்க ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிட்டு, ஐ.என்.ஆரை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. ஓ.பி.யில் கவனித்தால் தெரியும், "கீரையே சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க சிஸ்டர்" என்று பலர் சொல்வார்கள். உண்மையில் கீரையை நிறுத்தத் தேவையில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும், ஒரு வாரம் முருங்கைக்கீரையாகவே தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் பிரச்சினை. மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னும் பெரிய ஆபத்து. கல்யாணமான இளம்பெண் என்றால் கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டு, முன்கூட்டியே டாக்டரிடம் அனுப்ப வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து முதல் மூன்று மாதத்தில் சிசுவைப் பாதிக்கக்கூடியது.

இது பராமரிப்பு. இதையே வைத்துப் பாடம் எடுக்கலாம்: மாணவி ஒருத்தி ஒரு நோயாளியிடம் உட்கார்ந்து "நேத்து ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க? போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுவிட்டு வந்து வகுப்பில் சொல்லட்டும். அப்புறம் ஆய்வு: நர்ஸ் வாரம் ஒருமுறை போன் செய்து பேசும் குழுவுக்கும் வழக்கமான ஓ.பி. மட்டும் வரும் குழுவுக்கும், ஆறு மாதத்தில் ஐ.என்.ஆர். எல்லைக்குள் இருந்த நேரம் எவ்வளவு வித்தியாசம்? அளப்பது ரத்தப் பரிசோதனையின் எண். மதிப்பெண் கூடிய கதையை நோயாளிக்குச் சொல்ல முடியாது, இதைச் சொல்லலாம். முடிவு "வித்தியாசம் இல்லை" என்று வந்தாலும் எழுதுங்கள், அதுவும் அடுத்தவருக்குத் தேவை.

சிறிதாகத் தொடங்க ஆசைப்பட்டால் உங்கள் எமர்ஜென்சியிலேயே இருக்கிறது. நெஞ்சுவலி என்று வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிதான் சிகிச்சை என்று முடிவானால் அரை மணிக்குள் அது போக வேண்டும் என்பது வழிகாட்டுதல். உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை நிமிடம் ஆகிறது? ரெஜிஸ்டரையும் ஈ.சி.ஜி. பேப்பரில் அச்சான நேரத்தையும் வைத்து ஒரு மாதம் கணக்கெடுங்கள். எங்கே தாமதம் என்று பாருங்கள்: ஓ.பி. சீட்டு போடும் வரிசையிலா, மெஷினைத் தேடுவதிலா, ஜெல் தீர்ந்துபோனதிலா. ஒன்றைச் சரிசெய்து மறுபடி அளந்து பாருங்கள்.

நிமிடங்களை எண்ணுவதால் உயிர் பிழைக்குமா என்று கேட்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2012 முதல் 2014 வரை சிறிய ஆஸ்பத்திரிகளைக் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, ஆம்புலன்ஸையும் ஈ.சி.ஜி. அனுப்பும் வசதியையும் சேர்த்து நடந்த மாரடைப்பு ஆய்வில் 2,420 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-இல் உலகின் முன்னணி இதய மருத்துவ இதழ் ஒன்றில் அது வந்தது. 2023-இல் அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் முதல் டோஸை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நர்ஸ்தான். கொடுத்த நேரம் பரிந்துரைச் சீட்டில் எழுதப்படுகிறதா, பெரிய ஆஸ்பத்திரியில் அதே டோஸ் மறுபடி கொடுக்கப்படுகிறதா? எந்த எம்.எஸ்சி. மாணவியும் செய்யக்கூடிய, மாவட்டத்துக்கே பயன்படக்கூடிய ஆய்வு இது.

நெறிமுறை விஷயத்தில் குறுக்குவழி வேண்டாம். நிறுவன நெறிமுறைக் குழு அனுமதி கிடைக்கும் முன் ஒரு படிவம்கூட நிரப்பக் கூடாது. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின்) 2017 வழிகாட்டுதலை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். சிகிச்சையையோ பராமரிப்பையோ மாற்றிப் பார்க்கும் சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ.யில் (இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேட்டில்) பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பின் முன்பதிவு மட்டும்தான், முடித்துவிட்டுப் பதிவு செய்கிறேன் என்றால் ஏற்க மாட்டார்கள். சம்மதப் படிவத்தின் தமிழை உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ படித்துக் காட்டுங்கள், அவர்களுக்குப் புரியவில்லை என்றால் நோயாளிக்கும் புரியாது. ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரை வைத்து அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளியியல் ஆளைத் தகவல் சேகரித்த பிறகு தேடாதீர்கள், எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளத்தில்) தேடிக் கிடைக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமான ஆட்களா, மதிப்பாய்வுக் குறிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். நிராகரித்தாலும் அந்தக் குறிப்புகளை வைத்துக் கட்டுரையைத் திருத்த முடியும். மாணவியின் ஆய்வேட்டிலிருந்து வரும் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதாக இருக்க வேண்டும். கைடு பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது, அது நியாயமே இல்லை.

பிஎச்.டி. பற்றிச் சுருக்கமாக: பதவி உயர்வுக்காக அவசரப்பட்டுச் சேர வேண்டாம். இந்திய நர்ஸிங் கவுன்சில், ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடும் நடத்தும் தேசியக் கூட்டமைப்பு வழியாகவும் சேரலாம், எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்திலும் சேரலாம். எங்கே சேர்ந்தாலும் கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருவார், இதயப் பிரிவு டாக்டர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை உண்டா, தகவல் சேகரிக்க வார்டுக்குள் விட அவர் ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்குமா என்று கேளுங்கள். சேர்ந்த பிறகும் அந்த வாரத்தில் ஒருநாள் டியூட்டியை விட்டுவிடாதீர்கள், ஹேண்டோவர் நோட்டில் உங்கள் கையெழுத்து வந்துகொண்டே இருக்கட்டும்.